ஸ்போர்ட்ஸ் காருக்குக் குளிர்கால டயரா, ஆல் சீசன் டயரா?

பின்சக்கர இயக்கம் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார், வாங்கும்போதே கோடைகால டயரோடு வந்தது, குளிர்காலத்துக்குத் தனி செட் வாங்குவதா, ஆல் சீசனையே வருடம் முழுக்கப் போட்டுக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு குளிர்காலம் ஆல் சீசனில் ஓட்டிவிட்டு மூன்றாவது வருடம் தனி செட்டுக்கு மாறியவன் நான்.

எல்லோரும் பனி விழுமா என்றுதான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது குளிரை. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே கோடைகால டயரின் ரப்பர் இறுக ஆரம்பித்துவிடும். வண்டி வாங்கிய புதிதில், உலர்ந்த சாலையில், பனியே இல்லாத ஒரு காலையில் மெதுவாகத்தான் திருப்பினேன். பின்பக்கம் தனியாகக் கிளம்பிவிட்டது. உறைநிலைக்குக் கீழே அந்த டயரில் வண்டியை நகர்த்தினால் ட்ரெட்டில், அதாவது தரையைத் தொடும் ரப்பர் பகுதியில், வெடிப்பே விழலாம். ஆகவே அதைக் கழற்றுவது உறுதி, அதில் பேச்சே இல்லை.

அப்புறம் ஆல் சீசன். ஸ்போர்ட்ஸ் காருக்கென்று வரும் ஆல் சீசன்களில் பல, உலர்ந்த சாலைப் பிடிப்பையே மனதில் வைத்துச் செய்தவை. லேசான குளிர், மழை எல்லாம் தாங்கும். பக்கவாட்டில் 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறும் பனியும்) என்று இருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகளும் இருக்கிற குறிதான் பனியில் சோதித்ததற்கு அடையாளம். அந்தச் சோதனையும் பனியில்தான், வழுக்கும் பனிக்கட்டியில் அல்ல.

குளிர்கால டயருக்கு மாறியதும் எனக்கு வித்தியாசம் தெரிந்தது கிளம்புவதில் அல்ல, நிற்பதில். குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். ட்ரெட் முழுக்க இருக்கும் மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கும். நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். பின்னால் மட்டும் போட்டால் வண்டி நன்றாகக் கிளம்பும், திரும்ப மட்டும் மறுக்கும்.

முடிந்தால் தனி ரிம்மோடு வாங்குங்கள். என்னுடையது 19 அங்குலம். குளிர்காலத்துக்கு 18 அங்குல ரிம்மில், கொஞ்சம் அகலம் குறைந்த டயர் போட்டேன். குறுகிய டயர் பனியைக் கிழித்துக்கொண்டு போகும், உயரமான பக்கச்சுவர் குழிகளையும் தாங்கும். ஆனால் டயரின் மொத்த விட்டம் மாறக்கூடாது, பிரேக் கலிப்பர் (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ரிம்மில் இடிக்கவும் கூடாது. வண்டிக் கையேட்டில் அனுமதித்த அளவுகள் இருக்கும். ரிம்முக்குத்தான் செலவு, டயர் இரண்டு செட்டும் மாறி மாறி ஓடுவதால் ஒவ்வொன்றும் கூடுதல் காலம் வரும்.

வெயில் வந்ததும் குளிர்கால டயரைக் கழற்றிவிடுங்கள். சூடான சாலையில் ஸ்டியரிங் களிமண் மாதிரி ஆகிவிடும், நிற்கும் தூரம் கூடும், தேய்மானமும் வேகம்.

சில வாரம்தான் குளிர், பனி விழும் நாளில் வண்டி வீட்டிலேயே நிற்கும் என்றால் நல்ல ஆல் சீசனே போதும், தனி செட் வீண்செலவு. தினமும் இதில்தான் போகவேண்டும் என்றால் குளிர்கால டயர். அதிலும் ஆழமான பனி கிடக்கும் நாளில் வேண்டாம்: இவ்வளவு தாழ்ந்த முன் பம்பர் பனியை வாரிக் குவிக்கத்தான் செய்யும், எந்த டயராலும் அந்த பம்பரைத் தூக்கிவிட முடியாது.