ஃப்ளாஷில் இடமில்லையாம்!

கேள்வி: சிஸ்கோவின் சிசிஎன்ஏ நெட்வொர்க் தேர்வுக்காக லேப்டாப்பில் ஜிஎன்எஸ்3 (கணினிக்குள்ளேயே ரவுட்டர்களை ஓடவிடும் மென்பொருள்) போட்டு, சிஸ்கோ 3725 ரவுட்டரில் ஸ்விட்ச் மாட்யூல் சேர்த்துப் பழகுகிறேன். விலேன் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரிக்கும் தனித்தனி நெட்வொர்க்) உருவாக்கினால் ரவுட்டரின் சேமிப்பிடமான ஃப்ளாஷில் இடம் போதவில்லை என்கிறது. லேப்டாப்பில் 200 ஜிபி காலியாகக் கிடக்கிறதே?

பதில்: அந்த 200 ஜிபி ரவுட்டரின் கண்ணுக்கே தெரியாது. நீங்கள் ஒதுக்கித் தரும் டிஸ்க்0தான் அதற்கு ஃப்ளாஷ், விலேன் விவரமெல்லாம் விலேன்.டேட் என்ற கோப்பாக அங்கேதான் போய் உட்காரும். ரவுட்டரை நிறுத்திவிட்டு, அமைப்புகளில் மெமரீஸ் அண்ட் டிஸ்க்ஸ் பக்கத்தில் டிஸ்க்0 எவ்வளவு என்று பாருங்கள், பூஜ்யமாக இருந்தால் 16 எம்பி கொடுங்கள், தாராளம். அத்தோடு முடியவில்லை, புது டிஸ்க் வெறும் பலகை மாதிரி. ரவுட்டரை ஓடவிட்டு ‘எரேஸ் ஃப்ளாஷ்:’ கொடுத்தால்தான் எழுதத் தயாராகும். பயப்படாதீர்கள், இங்கே ஐஓஎஸ் (ரவுட்டரின் இயங்குதளம்) கோப்பை, ஜிஎன்எஸ்3க்குள் ரவுட்டராக நடிக்கும் டைனமிப்ஸ் நிரல் உங்கள் கணினியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, ஃப்ளாஷில் இழக்க ஒன்றுமில்லை. (ஆபீஸ் ரவுட்டரில் இதையே செய்து வைக்காதீர்கள், ஐஓஎஸ்ஸே போய்விடும்!) அப்புறம், ‘ரைட் மெமரி’ கொடுத்தால் கான்ஃபிக் (ரவுட்டரின் அமைப்பு விவரங்கள்) போவது என்விரேம் என்ற வேறு நினைவகத்துக்கு, அது தனிக் கணக்கு. என்விரேம், டிஸ்க் கோப்புகளைத் தானாக அழிக்கும் டிக் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.