எட்டு நிமிடம் பழைய எதிரி
விண்போர் நாவல்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மாதிரி, விண்போர் நாவல்களிலும் தாங்கிக் கப்பல்கள் வருகின்றன. அவற்றிலிருந்து ஒற்றை ஆள் சண்டைக் கலங்கள் சீறிப் பாய்கின்றன. உண்மையில் அப்படி நடக்க முடியுமா?
– வாசகர், கல்லடி

பதில்: ஹேர்மிஸ் மூழ்கியது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழப்போகிறது என்று தெரிந்ததால் முன்கூட்டியே வெளியே அனுப்பப்பட்ட கப்பல் அது. தன் விமானங்களைக் கரையில் விட்டுவிட்டு வந்திருந்தது. ஜப்பானிய வேவு விமானத்தின் கண்ணில் பட்டது, குண்டுவீச்சு விமானங்கள் வந்தன, கதை முடிந்தது. துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் கூடவே போயிற்று.

கடலில் விமானத்துக்கு ஏன் அவ்வளவு மவுசு? கப்பல் தண்ணீரைக் கிழித்து மணிக்கு 45 கிலோமீற்றர் ஓடும். விமானம் காற்றில் 300ஐத் தாண்டும். போதாததற்குக் கடல் வளைந்து கிடக்கிறது. 20 மீற்றர் உயரத்தில் நிற்பவனுக்கு அடிவானம் 16 கிலோமீற்றர்தான். விண்வெளியில் இந்த இரண்டும் இல்லை. தாய்க்கலமும் குட்டிக்கலமும் ஒரே வெற்றிடத்தில்தான் ஓடுகின்றன, ஒளிந்துகொள்ள அடிவானமும் கிடையாது.

எரிபொருள் கணக்கையும் பாருங்கள். ஏவுகணைக்கு ஒரே உந்தல் போதும். அதற்கு வெற்று எடையைப்போல 2 மடங்கு எடையில் கிளம்ப வேண்டும் என்று வையுங்கள். ஆள் ஏறிய கலமோ போக, நிற்க, திரும்ப, தாய்க்கலத்தின் அருகே மறுபடி நிற்க என்று நான்கு தடவை உந்த வேண்டும். ஒவ்வொரு உந்தலும் கூட்டல் அல்ல, பெருக்கல்: 2×2×2×2, அதாவது 16 மடங்கு. வெற்று எடை 10 தொன் என்றால் கிளம்பும்போது 160 தொன். அதே எடைக்கு 20 தொன் ஏவுகணை எட்டு அனுப்பலாம்.

எரிபொருளே கேட்காத எஞ்சின், கணினிகளைக் குழப்பும் கருவி என்று ஏதாவது ஒரு காரணத்தை நாவலாசிரியர் முதல் ஐம்பது பக்கத்துக்குள் சொல்லிவிட்டால் ஆள் ஏறிய சண்டைக் கலத்தை ஒத்துக்கொள்ளலாம். சண்டை நடுவில் சொன்னால் அது அளாப்பல்.

கேள்வி: நான் எழுதும் கதையில், எட்டு ஒளி நிமிடத் தொலைவில் எதிரியைத் திரையில் கண்டதும் தளபதி லேசரால் சுடச் சொல்கிறாள். பிழை என்கிறார் அண்ணா. எங்கே பிழை?
– உயர்தர மாணவி, அக்கரைப்பற்று

பதில்: அண்ணா சொல்வது சரி. திரையில் தெரிவது எட்டு நிமிடத்துக்கு முந்தைய எதிரி. ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். எட்டு நிமிடத்துக்கு 14 கோடி 40 இலட்சம். அந்த எட்டு நிமிடமும் அவன் பூமியின் ஈர்ப்பளவு முடுக்கத்தில், அதாவது 1 ஜீயில், பக்கவாட்டாக உந்தியிருந்தால் 1,100 கிலோமீற்றருக்கு மேல் விலகியிருப்பான். உங்கள் லேசர் போய்ச் சேர இன்னும் எட்டு நிமிடம். அதற்குள் விலகல் நான்கு மடங்காகிவிடும்.

அதே ஆளை 3 இலட்சம் கிலோமீற்றருக்கு வரவிடுங்கள். போக வர இரண்டு விநாடி. 1 ஜீயில் அவனால் 20 மீற்றர்தான் விலக முடியும். கலம் 200 மீற்றர் நீளமானால் அடி விழும். ஆனால் லேசரும் பரந்துதான் போகும். 1 மைக்ரோமீற்றர் அலைநீள லேசரை 10 மீற்றர் ஆடியால் குவித்தாலும் அங்கே வெளிச்ச வட்டம் 70 மீற்றர் அகலமாகிவிடும். ஓட்டை விழாது, சூடேறும். அவன் ஒளிவேகத்தில் பத்தில் ஒன்றில் வந்தால் அந்த 3 இலட்சத்தைக் கடக்க 10 விநாடி. ஆக, உங்கள் அத்தியாயத்தில் காத்திருப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல், சண்டை ஒரு மூச்சு. கட்டளையை முன்பே கணினிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். கதையின் பதற்றமும் அங்கேதான் இருக்கிறது.

கொப்பியில் ஒவ்வொரு கலத்துக்கும் இரண்டு நிரல் போடுங்கள்: ‘நடந்த நேரம்’, ‘கண்ட நேரம்’. இந்த வகை நாவல்களில் வரும் பிழைகளில் பல இரண்டையும் ஒன்றாக்குவதால் வருபவை.

கேள்வி: எஞ்சினை நிறுத்தி, விளக்கையும் அணைத்து, நீர்மூழ்கி போலப் பதுங்கி இருக்கலாமே?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: பதுங்கலாம், உள்ளே ஆள் இல்லாவிட்டால். ஆட்கள் இருக்கும் அறை 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். சுற்றிலும் இருப்பதோ மறை 270 பாகைக் குளிர். 20 பாகைச் சூட்டில் ஒவ்வொரு சதுர மீற்றர் சுவரும் ஏறத்தாழ 420 வாட் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும். தேடுகிறவனுக்கு அது இருட்டில் பிடித்த சூள்.

வெப்பத்தை உள்ளேயே அடைத்துவைக்கலாமா? வெற்றிடம் ஒரு பெரிய பிளாஸ்க். காற்றும் தண்ணீரும் இல்லாத இடத்தில் வெப்பம் கதிராக மட்டுமே வெளியேறும். அதனால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் அமோனியா ஓடும் வெள்ளைத் தகடுகள் விரிந்து நிற்கின்றன. போர்க்கலத்தின் அணு உலை 100 மெகாவாட் கழிவு வெப்பம் தந்தால், 1,000 கெல்வின் (ஏறத்தாழ 727 பாகை செல்சியஸ்) சூட்டில் இருபுறமும் கதிர்விடும் தகடு ஏறத்தாழ 880 சதுர மீற்றர் வேண்டும். சூட்டை 500 கெல்வினுக்குக் குறைத்தால் பரப்பு 16 மடங்கு. சண்டைக்காகத் தகடுகளை மடக்கிவிட்டால் வெப்பத்தைத் தண்ணீரில்தான் கொட்டலாம். 20 பாகையில் உள்ள ஒரு தொன் தண்ணீர் மூன்றே விநாடி சொச்சத்தில் கொதிநிலைக்கு வரும். முழுவதும் ஆவியாக இன்னும் 22 விநாடி. ஆவியை வெளியே விட்டால் அதுவும் தெரியும். தகட்டை விரித்தால் எதிரி உடைப்பான், மடக்கினால் உள்ளே அவிந்து போவீர்கள். நல்ல எழுத்தாளருக்கு இந்த இக்கட்டே ஒரு முழு அத்தியாயம். இதைத் தொடாமலே மூன்று பாகம் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: வெடிச்சத்தம்?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: கேட்காது. அதிர்ச்சி அலையும் இல்லை, காற்று வேண்டுமே. கலத்தின் உடலில் ஏதாவது மோதினால் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்.

கேள்வி: தமிழில் எழுதும்போது கலைச்சொற்களுக்கு என்ன செய்வது?
– வாசகி, காரைதீவு

பதில்: பழந்தமிழில் ‘கலம்’ என்றால் கப்பலும்தான், விண்கலம் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. கலங்களின் கூட்டத்துக்குக் ‘கலவணி’ பொருந்தும். ஒரு கலத்தால் மொத்தம் எவ்வளவு வேகம் மாற்ற முடியும் என்பதற்கு ‘வேகக் கையிருப்பு’ நல்லது; கையில் உள்ள காசு போல அதுவும் செலவாகித் தீரும். வெப்பத் தகட்டை ‘வெப்பச் சிறகு’ எனலாம். லேசர், ரொக்கெட், கெல்வின் மூன்றையும் அப்படியே விடுங்கள், யாருக்கும் விளங்கும்.