அட்டவணை ஒட்டியும் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லையா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது, ஆட்டிசம் இருக்கிறது. ஈபிக் (EIPIC) எனும், சிறு பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே உதவும் நிலையத்தில் சொன்னபடி காலை வேலைகளைப் படங்களாகச் சுவரில் ஒட்டினேன். எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பல் துலக்குவதிலிருந்து பள்ளிப் பேருந்து வரும் வரை ஒரே அழுகை. படத்தையே காட்டினால் பேச்சு வராது என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா டாக்டர்? (சிங்கப்பூர், செங்காங் வாசகி)

பதில்: விட வேண்டாம் அம்மா. மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், படம் பேச்சைத் தடுக்காது. வாயால் சொல்வது அடுத்த நொடியே காற்றில் போய்விடுகிறது, படம் அங்கேயே இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் காதில் விழுவதைவிடக் கண்ணில் படுவது எளிதாகப் புரியும். அமெரிக்காவின் வட கரோலைனாவில் எரிக் ஷாப்லர் குழுவினர் வளர்த்த, 1972ல் மாநிலத் திட்டமாக ஆன, ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கற்பிக்கும் 'டீச்' (TEACCH) முறைக்கும் இதுதான் அடிப்படை.

சரி, உங்கள் மகன் ஏன் பார்ப்பதில்லை? படம் அவனுக்கு இன்னும் புரியாமல் இருக்கலாம். கார்ட்டூன் பிரஷைப் பார்த்து, இது என் பிரஷ் என்று எல்லாப் பிள்ளைகளும் நினைப்பதில்லை. அவனுடைய பிரஷையே போனில் படமெடுத்து அச்சிடுங்கள். அதுவும் எடுபடவில்லையா, பொருளையே கையில் கொடுங்கள்: பிரஷ், அப்புறம் சட்டை, அப்புறம் பை. அட்டவணை நீளமாக இருந்தாலும் பிள்ளை ஒதுங்கிவிடுவான். 'முதலில், பிறகு' என்று இரண்டே படத்தோடு தொடங்குங்கள், இரண்டாவது அவனுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். முதலில் பல் துலக்கு, பிறகு லிஃப்ட் பட்டனை நீயே அமுக்கு. வேலைகளாகவே அடுக்கிவைத்தால் யாருக்குத்தான் பார்க்கத் தோன்றும்?

நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. "பாரு, எடு, வா" என்று பேசிக்கொண்டே இருந்தால் பிள்ளை படத்தை விட்டுவிட்டு உங்கள் குரலுக்குக் காத்திருக்கத்தான் பழகுவான். அவன் பின்னால் நின்று, கையை மெதுவாகப் படத்தின் பக்கம் கொண்டுபோய் எடுக்க வையுங்கள், வேலை முடிந்ததும் 'முடிஞ்சது' என்று எழுதிய உறையில் போட வையுங்கள், நாளாக நாளாக உங்கள் உதவியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கையைத் தொட்டால் பிடிக்காத பிள்ளை என்றால் விரலால் சுட்டிக்காட்டினால் போதும்.

'மாற்றம்' என்று ஒரு அட்டையும் செய்துகொள்ளுங்கள். அதை முதன்முதலில் நல்ல செய்திக்குப் பயன்படுத்துங்கள், திடீரென்று நீச்சல் குளம் போவது மாதிரி. மழையால் விளையாட்டுத் திடல் இல்லை என்று சொல்லும் நாளில் அது கைகொடுக்கும்.

நிலையத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், பணிப்பெண் பேசுவது இன்னொன்று என்றாலும் படம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆகவே ஆசிரியரிடம் கேட்டு அங்கு உள்ள அதே படங்களையே வீட்டிலும் வையுங்கள். பழகிவிட்டான் என்று எடுத்துவிடாதீர்கள், நாமும் நாட்காட்டியைப் பார்த்துத்தானே ஓடுகிறோம்.

இன்னொன்று: சட்டை போடும்போதும் அழுகிறானா, பல் துலக்கும்போதுதான் அதிகமா என்று கவனியுங்கள். பல் துலக்கும்போதுதான் என்றால் அட்டவணையைக் குறை சொல்லிப் பயனில்லை. பற்பசையின் காரம் பிடிக்காமல் இருக்கலாம், காரமில்லாததை வாங்கிப் பாருங்கள். சொத்தைப் பல்லாகவும் இருக்கலாம், வலிக்கிறது என்று அவனால் சொல்ல முடியாது, பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.