குட்டிப் பாம்பு இரையைத் தொடவில்லையா?

கேள்வி (செந்தூல்): பால் பைதான் (ball python, பந்துபோல் சுருளும் பாம்பு வகை) குட்டி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. ஒருமுறைகூடச் சாப்பிடவில்லை. எங்கள் ஏர்கோன் அறையில்தான் வைத்திருக்கிறோம். தினமும் கையில் எடுத்துப் பழக்குகிறோம். எலிக்குப் பதில் வேறென்ன கொடுக்கலாம்?

பதில்: இரையை மாற்ற வேண்டாம், பெட்டியைச் சரிசெய்யுங்கள். பாம்புக்கு உடல்சூடு வெளியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். சூடு குறைந்தால் செரிமானம் மந்தமாகிவிடும், பசியும் போய்விடும். கோலாலம்பூர் வெயிலுக்கு ஹீட் பேட் (பெட்டியைச் சூடேற்றும் மின்விரிப்பு) எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். இரவெல்லாம் 22 டிகிரியில் ஏர்கோன் ஓடும் அறைக்குள் அந்த வெயில் வருவதில்லையே! பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 26, 27 டிகிரி இருக்கட்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் பேட்டை மாட்டாதீர்கள், வயிறு வெந்து புண்ணாகிவிடும். ஏர்கோன் காற்றை உலர்த்தும் என்பதால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பாருங்கள். இரண்டு பக்கமும் உடம்பு உரசும் அளவுக்கு இறுக்கமான பதுங்கிடம் வேண்டும். கண்ணாடித் தொட்டி என்றால் மூன்று பக்கம் காகிதம் ஒட்டி மறையுங்கள்.

பிறகு 7 நாள் தண்ணீர் மாற்ற மட்டும் திறங்கள். எட்டாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒருமுறை இரை காட்டுங்கள். மறுத்தால் அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்துத்தான். தினமும் நீட்டிக்கொண்டே இருந்தால் இரையைக் கண்டாலே ஒதுங்கப் பழகிவிடும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 10 சதவீதம் குறைந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வாயில் நுரை, மூச்சில் சீழ்க்கை ஒலி இருந்தால் எடைக்காகக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு): உறைந்த எலியை என் பால் பைதான் சீண்டுவதே இல்லை. உயிருள்ள எலியை உள்ளே விட்டு வைக்கலாமா?

பதில்: கூடாது. பசித்த எலி, அசையாமல் கிடக்கும் பாம்பின் முதுகைச் சதை தெரியக் கொறித்துவிடும். பால் பைதான் உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணர்ந்து தாக்குவது. ஆறிய எலி அதற்கு இரையாகப் படாது. முதல்நாள் இரவே எலியை ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். கொடுக்கும் முன் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெந்நீரில் 20, 30 நிமிடம் வையுங்கள். தலைப்பகுதி 38 முதல் 40 டிகிரி இருக்க வேண்டும். மைக்ரோவேவ் வேண்டாம், வயிறு வெடித்துவிடும். 25 செ.மீ. இடுக்கியால் பிடித்து, சற்றுத் தள்ளியே லேசாக அசைத்து நிறுத்துங்கள். மூக்கில் இடிப்பதால்தான் பல குட்டிகள் சுருண்டுகொள்கின்றன. எலியின் பருமன் பாம்பின் நடு உடம்பின் பருமனைத் தாண்டக்கூடாது.

கேள்வி (செராஸ்): 7 கிராம் கார்ன் ஸ்நேக் குட்டி, பிங்கியைத் (முடி முளைக்காத எலிக்குஞ்சு) தொடுவதில்லை.

பதில்: இதன் பூர்வீகம் அமெரிக்காவின் தென்கிழக்கு. அங்கே குட்டிகள் பெரும்பாலும் பல்லி, சிறு தவளை தின்று வளர்பவை. அதனால் உங்களுக்குக் கைகொடுப்பது வாடைதான். சூடான பக்கம் 28 முதல் 30 டிகிரி போதும். உறைநீங்கிய பிங்கியைக் கழுவித் துடைத்து, காற்றுத் துளையுள்ள சிறு டப்பாவில் குட்டியோடு இரவு முழுவதும் விட்டுப் பாருங்கள். பலிக்காவிட்டால் அடுத்த வாரம் செத்த பிங்கியின் மண்டையில் ஊசியால் குத்தி, கசியும் திரவத்தைப் பிங்கியின் மூக்கிலேயே தடவிக் கொடுங்கள். மூன்றாவது வழி, பல்லி உதிர்த்த வாலை உறையவைத்து எடுத்து, பிங்கியின் தலையில் தேய்ப்பது. பல்லியையே தின்னக் கொடுக்காதீர்கள், ஒட்டுண்ணி வரும். வாயைப் பிளந்து திணிப்பதை வீட்டில் செய்யவே கூடாது, தொண்டை கிழிந்துவிடும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): கண் நீலம் பாரித்திருக்கிறது, சாப்பிடவில்லை.

பதில்: சட்டை உரிக்கப் போகிறது. உரித்து முடித்த பிறகு கொடுங்கள்.

கேள்வி (கெப்போங்): விழுங்கியதை மூன்றாம் நாள் கக்கிவிட்டது.

பதில்: உடனே மறுபடி கொடுப்பதுதான் பெரிய தவறு. இரையோடு வயிற்று அமிலமும் வெளியேறி, தொண்டை புண்ணாகியிருக்கும். 14 நாள் தண்ணீர் மட்டும் வைத்து, பிறகு பாதி அளவு இரை கொடுங்கள். குளிர், பெரிய இரை, தின்ற 48 மணி நேரத்துக்குள் தூக்கியது, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். இரண்டாம் முறையும் கக்கினால் மலப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): கால்வாயில் பிடித்த மலைப்பாம்புக் குட்டி எதையும் தின்னவில்லை.

பதில்: பிடிபட்ட மிரட்சியில் அது தின்னாது. மலைப்பாம்பு, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இனம். உரிமமின்றி வளர்க்க முடியாது. மூடிய பெட்டியில் இருட்டாக வைத்து, இன்றே பெர்ஹிலித்தானுக்கு (வனவிலங்குத் துறை) தகவல் சொல்லி ஒப்படையுங்கள்.