போலி ஐடி, மார்ஃபிங், மிரட்டல்: மலையிலிருந்து வந்த கேள்விகளுக்கு வக்கீலம்மாவின் பதில்கள்

நீலகிரியின் ஆறு தாலுகாவிலிருந்தும் கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. இணையத்தில் பெண்களுக்கு நடக்கும் தொல்லை, அதற்கான சட்டம், நடைமுறை, இவ்வளவுக்குத்தான் இங்கே பதில். பட்டா, ஜீவனாம்சம், இ-பாஸ் எல்லாம் வேறு ஆளிடம் கேளுங்கள்.

கோத்தகிரி, பெயர் வேண்டாம்: என் போட்டோவைப் போட்டு இன்ஸ்டாவில் ஒரு போலி ஐடி ஓடுது. எங்க ஹட்டியில (படுகர் ஊர்) பாதிப் பேரு அதை ஃபாலோ பண்றாங்க. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் ரிப்போர்ட் அடிக்கச் சொல்லட்டுமா அக்கா?

அடிக்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். ஐம்பது பேர் ரிப்போர்ட் அடித்து ஐடி போய்விட்டால், போலீஸிடம் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அடுத்த வாரம் அதே ஆள் வேறு பெயரில் வருவான். முதலில் சேமிப்பு, அடுத்து புகார், கடைசியில்தான் ரிப்போர்ட்டும் பிளாக்கும். இந்த வரிசையை இன்று பல தடவை சொல்லவேண்டி வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சேமிப்பது எப்படி? போனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஆன் செய்யுங்கள். ஹோம் ஸ்கிரீனில் தேதியும் நேரமும் தெரியும்படி ஆரம்பித்து, ஆப்பைத் திறந்து, அந்த ஐடியின் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு படத்தையும் அதன் கமென்ட்டோடு நிதானமாகத் தள்ளிக் காட்டுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை அவன் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவான். மேலே இருக்கும் யூசர்நேம்தான் முக்கியம், அதையும் மாற்ற முடியும் என்பதால் புரொஃபைல் லிங்க்கை காப்பி செய்து தனியாக வையுங்கள். அந்த யூசர்நேமைத் தொட்டால் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்று வரும். கணக்கு ஆரம்பித்த மாதம், முன்பு பெயர் மாற்றியதா என்பதெல்லாம் அதில் இருந்தால் அதையும் படமெடுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி, சிவப்பு வட்டம் போட்டு அனுப்புகிறார்கள் பலர். வெட்டாத அசலைத் தொடாமல் வையுங்கள், ஒரு நகல் உங்கள் ஈமெயிலுக்குப் போகட்டும். கோர்ட்டில் மின்னணுச் சாட்சியத்தோடு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்று வைக்க வேண்டும். எந்தப் போனில் எடுத்தீர்களோ அந்தப் போனை விற்பதோ ஃபார்மட் அடிப்பதோ கூடாது.

அடுத்தது புகார். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதிந்து எண்ணை வாங்குங்கள். உங்கள் அடையாளத்தைத் திருடியதற்கு ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 66சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியிருந்தால் 66டி. அதன்பின் இன்ஸ்டாவில் 'என் போல் நடிக்கிறார்' என்ற வகையில் நீங்களே ரிப்போர்ட் செய்யுங்கள். ஆள்மாறாட்டம், அந்தரங்கப் படம், மார்ஃபிங் (படத்தை மாற்றி ஒட்டுவது) ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்த 24 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும் என்று 2021 ஐ.டி. விதிகள் கெடு வைத்தன. ஐம்பது பேர் அடிப்பதைவிட உங்கள் ஒரு புகாருக்குத்தான் சட்டத்தில் வலு. இன்ஸ்டாவின் குறைதீர் அலுவலர் கைவிரித்தால், 30 நாளுக்குள் மத்திய அரசின் குறை மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், ஆன்லைனிலேயே. நீக்கிய பதிவின் விவரத்தைக் கம்பெனி 180 நாள் பத்திரப்படுத்த வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான். சீசன் முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் அந்தக் காலம் கரைந்துவிடும்.

குன்னூர்: வாட்ஸ்அப்பில் அசிங்கமாக மெசேஜ். ரிப்போர்ட் பண்ணினால் போதுமா?

ரிப்போர்ட் அடிக்கும்போது கீழே ஒரு டிக் இருக்கும்: பிளாக் செய்து சாட்டையும் அழி என்று. அதை எடுக்காமல் ஓகே கொடுத்தால் உங்கள் சாட்சியத்தை நீங்களே அழித்த மாதிரி. முதலில் எக்ஸ்போர்ட் சாட், மீடியாவோடு.

ஊட்டி, 24 வயது ஆண்: ஆபாச வீடியோ கால் வந்தது, ரெக்கார்ட் பண்ணி மிரட்டறாங்க. பணம் கட்டினா விட்டுருவாங்களா?

மாட்டார்கள். ஒரு தடவை கட்டியவனிடம்தான் மறுபடி கேட்பார்கள். கட்டியிருந்தால் உடனே 1930, சைபர் மோசடி உதவி எண். ஃப்ரெண்ட் லிஸ்ட்டை மறையுங்கள், ஸ்டாப்என்சிஐஐ டாட் ஓஆர்ஜி தளத்தில் வீடியோவின் ஹாஷை ஏற்றுங்கள். வீடியோ உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும். சேர்ந்திருக்கும் கம்பெனிகளின் தளங்களில் அது ஏறாமல் தடுக்க உதவும். இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை தம்பி.

குந்தா: ஐ.டி. சட்டம் 66ஏ-யில் கேஸ் போடலாமா?

இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைத் தண்டித்த அந்தப் பிரிவை உச்சநீதிமன்றம் 24.3.2015 அன்றே ரத்து செய்துவிட்டது. எந்த ஸ்டேஷனில் சொன்னாலும் சிரிப்பார்கள், சிரிக்கவில்லை என்றால் கவலைப்படுங்கள்.

கூடலூர், ஆசிரியை: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் மார்ஃபிங் படம் பையன்கள் போனில் சுற்றுகிறது. ஆதாரத்துக்காக ஸ்டாஃப் குரூப்பில் போட்டிருக்கிறோம்.

உடனே குரூப்பிலிருந்து எடுங்கள் டீச்சர். 18 வயதுக்குக் கீழ் என்றால் நான் மேலே சொன்ன சேமிப்பு விதி செல்லாது. அந்தப் படத்தை நகல் எடுப்பது, அனுப்புவது, வைத்திருப்பது எல்லாமே போக்சோவிலும் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) ஐ.டி. சட்டம் 67பி-யிலும் சிக்க வைக்கும். போலீஸில் சொல்லாமல் சும்மா வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று 23.9.2024 தீர்ப்பில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. படம் எந்தப் போனில், எந்த எண்ணிலிருந்து, எந்த நேரத்தில் வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள், படத்தைத் தொடாதீர்கள். போனைப் போலீஸே எடுக்கட்டும். போக்சோ 19-ன்படி விஷயம் தெரிந்தவர் போலீஸுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், 'பள்ளி மானம்' சாக்காகாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். பிள்ளையைத் தலைமையாசிரியர் அறையில் நிறுத்தி நான்கு பேர் விசாரிக்க வேண்டாம்.

குன்னூர், ஓய்வுபெற்றவர்: பெண்கள் போட்டோ போடாமல் இருந்தால் இத்தனை பிரச்சினையே இல்லை. வீட்டில் போனை வாங்கி வைத்தால் தீர்ந்தது.

ஐயா, 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்று ஒரு ஆப்பில் முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலம் விடுவதுபோல் போட்டார்கள். 2022 புத்தாண்டன்று 'புல்லி பாய்' என்று மறுபடியும். பத்திரிகையாளர்கள், செயல்பாட்டாளர்கள் அதில் இருந்தார்கள். படம் போட்டார்கள் என்பதா காரணம்? வாய் திறந்து பேசினார்கள் என்பது. தொல்லை கொடுப்பவன் விரும்புவது அந்தப் பெண் இணையத்தை விட்டுப் போவதைத்தான், போனைப் பிடுங்கும் அப்பா அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் முடித்துக்கொடுக்கிறார்.

ஊட்டி, கல்லூரி மாணவி: சரியாச் சொன்னீங்க அக்கா. என்னைக் கேட்டா ஸ்டேஷனுக்கே போக வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டோட அவன் பேரை ஊர் குரூப்ல போட்டா மூணு மணி நேரத்துல அடங்கிடுவான். மீடூ அப்படித்தானே?

குன்னூர், ஓய்வுபெற்றவர்: பார்த்தீர்களா? நிரூபிக்காமலே ஒருவன் மானம் போக வேண்டுமா? இதுதான் பெண்ணியமா?

மாணவி: எங்க மானம் போறப்போ யாரும் நிரூபணம் கேக்கலையே சார்.

இருவரும் கொஞ்சம் பொறுங்கள், இதற்கு நீளமாகவே எழுத வேண்டும். பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள் 'எனக்கும் நடந்தது' என்று வெளியே சொல்லும் 'மீ டூ' என்ற சொல்லை அமெரிக்காவில் டரானா பர்க் 2006-லேயே பயன்படுத்தினார். 2017 அக்டோபரில் அது உலகமெங்கும் பரவியது, இங்கே 2018-ல் பெரிதாக வெடித்தது. பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் போட்ட அவதூறு வழக்கில் 17.2.2021 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல ஆண்டு கழித்தும், தான் விரும்பும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. ஆகவே, பெயர் சொல்வதே தப்பு என்று சொல்ல மாட்டேன் ஐயா.

ஆனால் மாணவி கவனிக்க வேண்டியது: ரமணி சொன்னது தனக்கு நேர்ந்ததை, தன் பெயரில். அப்படியும் இரண்டு வருடத்துக்கு மேல் கோர்ட்டுக்கு அலைந்தார். அவதூறுக்கு இப்போது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 356. உண்மை என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்பதையும் சொன்னவர்தான் காட்ட வேண்டும். போலி ஐடி விஷயத்தில் இன்னொரு வம்பு. 'அந்த வீட்டுப் பையன்தான்' என்று ஊர் ஊகித்துவிடும், எந்த இணைய இணைப்பிலிருந்து என்று காட்டும் ஐபி விவரம் வந்தால் வேறு ஆளாக இருக்கும். அதற்குள் தப்பான வீட்டுக் கண்ணாடி உடைந்திருக்கும். அசல் ஆள் எச்சரிக்கையாகி எல்லாவற்றையும் அழித்திருப்பான்.

கோத்தகிரி, இன்னொருவர்: சமூகநீதி பேசுறவங்களே ஒரு பொண்ணு தப்பா ஒரு வார்த்தை சொன்னா கும்பலாப் பாயறாங்களே. அது மட்டும் நியாயமா?

இல்லை. எந்தப் பக்கம் என்பதை விடுங்கள், செய்யும் முறையைப் பாருங்கள். ஒருவர் சொன்னதை மறுப்பது விவாதம். அவர் அம்மா படத்தை, வேலை பார்க்கும் இடத்தை, போன் நம்பரைத் தேடி எடுத்துப் போடுவது தொல்லை. பதிவை நீக்கி வருத்தம் சொன்ன பிறகும் இரண்டாயிரம் பேர் தொடர்ந்தால் அதுவும் தொல்லைதான். சாதியைச் சொல்லித் திட்டும் கும்பலுக்கும் சாதி ஒழிப்புப் பேசித் திட்டும் கும்பலுக்கும் நோக்கம் வேறாக இருக்கலாம், வாங்கிக்கொள்ளும் பெண்ணின் இன்பாக்ஸ் ஒன்றுதான்.

மாணவி: அப்போ நாங்க சும்மா இருக்கணுமா?

சும்மா இருக்கச் சொல்லவில்லையே. சேமியுங்கள், புகார் எண் வாங்குங்கள், பிறகு பேசுவதா வேண்டாமா என்று பாதிக்கப்பட்டவர் முடிவு செய்யட்டும். அவருக்காக நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

குன்னூர், ஓய்வுபெற்றவர்: பொய்ப் புகார்கள் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பொய்ப் புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது ஐயா. இந்த விவாதம் போதும்.

குரூப் அட்மின், ஹட்டி பெயர் வேண்டாம்: உறுப்பினர் தப்பாக ஏதாவது போட்டால் என்னைப் பிடிப்பார்களா?

வெறுமனே அட்மின் என்பதற்காக இல்லை, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. ஆனால் ஃபார்வர்ட் செய்தால் 'நான் எழுதவில்லையே' என்பது எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்தவர் மீதான வழக்கை ரத்து செய்ய சென்னை உயர்நீதிமன்றம் 2023-ல் மறுத்தது.

தேயிலை ஃபேக்டரி ஊழியர்: சூப்பர்வைசர் ராத்திரி மெசேஜ் அனுப்புகிறார்.

ராத்திரி, வாட்ஸ்அப் என்றாலும் வேலையோடு தொடர்புள்ளதால் 2013 பணியிடப் பாலியல் தொல்லைச் சட்டத்தில் வரும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்புகார்க் குழு இருந்தே தீர வேண்டும். குறைவாக இருந்தாலோ முதலாளியே ஆள் என்றாலோ மாவட்ட உள்ளூர்க் குழு, கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

ஊட்டி பக்கம், தோடர் பெண்: டூரிஸ்ட்டுங்க மந்துக்கு (எங்க குடியிருப்புக்கு) வந்து கேக்காம எங்களை வீடியோ எடுத்து, கேவலமா எழுதி ரீல்ஸ் போடறாங்க.

எடுத்தவர் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவராக இருந்து, பழங்குடி என்று தெரிந்தே இழிவுபடுத்தியிருந்தால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். இணையத்தில் இழிவுபடுத்துவதும் பொதுப் பார்வையில் செய்ததே என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-ல் சொன்னது. டி.எஸ்.பி. நிலையில் உள்ளவர்தான் விசாரிக்க வேண்டும். புகாரில் உங்கள் சமூகச் சான்றிதழின் நகலைச் சேருங்கள், பலர் விட்டுவிடுவதால் தாமதமாகிறது. ரீல்ஸின் லிங்க், கமென்ட்டுகள், வண்டி நம்பர் தெரிந்தால் அதுவும்.

எருமாடு: பிளாக் பண்ணி எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன்.

ம். ஆண்ட்ராய்டு என்றால் வாட்ஸ்அப் தினமும் இரவு 2 மணிக்குப் போனிலேயே பேக்கப் எடுக்கும், சில நாள் பழைய கோப்புகளும் இருக்கும். எதையும் அன்இன்ஸ்டால் செய்யாமல், அதை மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தோழிகளுக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் இருந்தால் வாங்குங்கள்.

கோத்தகிரி: பிளாக் பண்ணிட்டுப் புகார் கொடுக்கலாமா?

முதல் பதில்.

குன்னூர்: ஐபி அட்ரஸ் எடுத்துத் தர 5,000 ரூபாய் கேட்கிறார் ஒருவர்.

அவர்மீதும் ஒரு புகார் கொடுங்கள்.

பந்தலூர், எஸ்டேட் லயன் (தொழிலாளர் குடியிருப்பு): ஊட்டிக்குப் போய் வந்தா ஒரு நாள் கூலி போயிடும். இங்க ஸ்டேஷன்ல 'சைபர் எங்க வேலை இல்ல'ன்னு திருப்பி அனுப்பறாங்க.

எந்த ஸ்டேஷனும் எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173-ன்படி ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) போட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிவிட வேண்டும். ஆன்லைனில் புகார் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட்டால் போதும். பின்தொடர்தல், ஒளிந்து படமெடுத்தல் மாதிரி பிரிவுகளில் பெண் அதிகாரிதான் உங்கள் தகவலைப் பதிய வேண்டும். விசாரணைக்கு உங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். வாய்மொழியாகத் திருப்பி அனுப்ப விடாதீர்கள்: இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீல் வாங்குங்கள், குறைந்தது சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான) ரசீதாவது கேளுங்கள். அதுவும் தரவில்லை என்றால் அதே புகாரை எஸ்.பி.-க்கு ஸ்பீட் போஸ்ட்டில் (பதிவுத்தபால் 2025-ல் அதோடு இணைந்துவிட்டது) அனுப்பி ரசீதை வையுங்கள். அதன்பிறகும் அசைவு இல்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு. அந்தத் தபால் ரசீது இல்லாமல் மனு நிற்காது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசம்.