அரை மில்லிமீட்டர் விவகாரம்

வணக்கம். மோட்டாரில் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டாருக்கும் உள்ளே சுழலும் ரோட்டாருக்கும் நடுவே உள்ள ஏர் கேப் என்னும் காற்று இடைவெளிதான் காந்தப்புலத்துக்குப் பெரிய தடை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அதை ஒரு தாளின் கனத்துக்குக் குறைத்துவிடலாமே? இன்றைய இயந்திரங்களால் முடியாத துல்லியமா அது?
ர.

அன்புள்ள ர.,

நியாயமான கேள்வி. இரும்பு காந்தப்புலத்தைக் காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு எளிதாகக் கடத்தும். இண்டக்‌ஷன் மோட்டார் (நிலைக்காந்தம் இல்லாமல், ஸ்டேட்டார் மின்னோட்டத்தாலேயே காந்தப்புலம் உண்டாக்கும் வகை) காந்தமாக்கலுக்கு எடுக்கும் மின்னோட்டத்தில் பெரும்பகுதி அரை மில்லிமீட்டர் போலிருக்கும் அந்தக் கேப்பைத் தாண்டவே போய்விடுகிறது. கேப் கூடினால் பவர் ஃபேக்டர், அதாவது எடுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, விழும்.

கடைசல் இயந்திரத்தால் நீங்கள் சொல்லும் துல்லியம் முடியும்தான். ஆனால் மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகும் அது நிற்க வேண்டுமே! ரோட்டார் சூடேறி விரியும், பேரிங் தேயும், ஷாஃப்ட் கொஞ்சம் வளையும். கேப் 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டார் மையத்திலிருந்து 0.1 மி.மீ. விலகினால் ஒரு பக்கம் 0.3, எதிர்ப்பக்கம் 0.5. எளிய கணக்கில் காந்த இழுவை இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால், நெருங்கிய பக்கம் ஏறக்குறைய 2.8 மடங்கு இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் நெருங்கும். ஷாஃப்ட் விறைப்பாக இல்லையென்றால் உரசல்தான். தாளின் கனமே சுமார் 0.1 மி.மீ.; அங்கே இதே விலகல் வந்தால் கணக்குப் போடவே வேண்டாம், தொட்டுவிடும்.

அப்புறம் இரைச்சல். கேப் குறுகக் குறுக, ஸ்டேட்டாரின் பல்லுக்கும் காடிக்கும் (கம்பிச் சுருள் உட்காரும் பள்ளம்) இடையே புலம் ஏறி இறங்குவது ரோட்டாரின் மேற்பரப்பில் பலமாக விழும். இரைச்சல் அதனால்தான்; அங்கே வீண் சூடும் உண்டாகும்.

உரசிய மோட்டார் ஒன்றை நான் முதன்முதலில் பிரித்தபோது, ஸ்டேட்டாரின் அடிப்பக்கத்தில் ஒரே இடம் மட்டும் கண்ணாடி போலப் பளபளத்தது. ரோட்டாரில் சுற்றிலும் கீறல். பேரிங் தேய்ந்துபோனதன் அடையாளம் அது. இதுவே ரோட்டாரில் ஒரே இடமும் ஸ்டேட்டாரில் சுற்றிலும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். நானோ அதுவரை வைண்டிங்கை, அதாவது கம்பிச் சுருளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ரோட்டாரின் மேற்பரப்பில் நிலைக்காந்தம் ஒட்டிய மோட்டார்களில் கதை வேறு. அந்தக் காந்தமே புலத்துக்குக் கிட்டத்தட்ட காற்று மாதிரிதான். சில மில்லிமீட்டர் கனமுள்ள காந்தத்தைத் தாண்டும் புலத்துக்கு, கேப்பில் இன்னொரு கால் மில்லிமீட்டர் பெரிய பாரமில்லை. அதனால் அங்கே கேப்பைக் கொஞ்சம் தாராளமாகவே விடுவார்கள்.