அது வேறு விஷயம்

அன்புள்ள டாக்டருக்கு,

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வயது 20. கபடி, ரைட் கார்னர். முதலாண்டில் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. எங்கள் டீமில் ஜெயித்தால் டிரீட், தோற்றால் கவலை தீர டிரீட். ஊர் மேட்ச்களில் கிடைக்கும் பரிசுப் பணத்தில் பாதி சரக்குக்கே போய்விடும். குடிக்காமல் உட்கார்ந்தால், “சாமியார் வந்துட்டார், ஊதுபத்தி கொளுத்துங்கடா” என்பார் கேப்டன். அவர் பி.ஜி. படிக்கிறார். மிக்சர் மட்டும் தின்றுவிட்டுப் பில்லில் சமபங்கு கொடுத்திருக்கிறேன். குடிக்க மறுத்த வாரமே என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கோச்சுக்கு எல்லாம் தெரியும். “காலையில ஆறு மணிக்கு கிரவுண்ட்ல நிக்கணும், அவ்வளவுதான்” என்பார்.

பிறகு நானும் பழகிவிட்டேன். வாரம் ஒரு முறை, பீர்தான். உடம்பு வலிக்கு நல்லது என்கிறார்கள். இருந்தும் கேப்டன் என்னை ஒரு ஆளாக மதிப்பதில்லை. பொங்கல் மேட்ச் முடிந்த ராத்திரிகூட, முதலாண்டுப் பையனுக்கு ஊற்றச் சொல்லி என்னைத்தான் ஏவினார், ஏதோ எடுபிடி மாதிரி. பையன் வேண்டாம் என்றான். “அண்ணன் ஊத்துறேன், குடிடா” என்று நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். வேனில் வழியெல்லாம் வாந்தி எடுத்தான். இப்போது பிராக்டிஸுக்கு வருவதில்லை, அது வேறு விஷயம். மூன்று வருடம் உழைத்தவனைப் பெஞ்சில் வைப்பது நியாயமா? மரியாதை தராத டீமில் எப்படி இருப்பது?

– பெயர் வேண்டாம்

தம்பி,

பெஞ்சில் வைத்தது நியாயமில்லை. மிக்சர் தின்றவனிடம் சமபங்கு வாங்கியது அதைவிட மோசம். பீர் வலிக்கு மருந்தும் இல்லை. பயிற்சிக்குப் பின் நிறையக் குடித்தால், கூடவே புரதம் எடுத்துக்கொண்டாலும், தசை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேகம் குறைகிறது என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கேப்டன் பற்றி இவ்வளவு போதும்.

‘அது வேறு விஷயம்’ என்றீர்களே, எனக்கு அது ஒன்றுதான் விஷயமாகப் படுகிறது. உங்களை ஏவிய அவமானத்தை எழுதிவிட்டீர்கள், சரி. ஏவியது அவர்தான். சிரிக்கச் சொல்லி யாரும் ஏவவில்லையே?

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் இரண்டு உளவியலாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள் (1993-இல் வெளியான ஆய்வு): இங்கே நடக்கும் குடி உனக்கு எவ்வளவு சம்மதம், மற்ற மாணவர்களுக்கு எவ்வளவு சம்மதம்? எனக்கு அவ்வளவாக இல்லை, மற்றவர்களுக்குத்தான் அதிகம் என்ற பதிலே மேலோங்கி வந்தது. எல்லோரும் இப்படிச் சொன்னால் அந்த ‘மற்றவர்கள்’ எங்கிருந்து வந்தார்கள்?

முதலாண்டில் நீங்கள் சீனியர்களின் சிரிப்பைப் பார்த்து, இவர்களுக்கு இது பிடித்திருக்கிறது என்று நினைத்தீர்கள். அந்தப் பையன் உங்கள் சிரிப்பைப் பார்த்தான். கேப்டனிடம் அவனுக்குப் பயம் இருந்திருக்கும். உங்களிடம் நம்பிக்கை இருந்திருக்கும். ‘அண்ணன் ஊத்துறேன்’ என்றதும் அவன் வாங்கிக்கொண்டது அதனால்தான். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது. உங்களுக்கே இன்னும் ஆகவில்லை, அவனுக்கு என்ன வயது இருக்கும்?

உங்களைத் திட்டுவது எனக்குச் சுலபம். ஆனால் இதை எழுதாமலே விட்டிருக்கலாம், நீங்கள் விடவில்லை. உறுத்துகிறது. உறுத்தட்டும். கேப்டன் மேல் கோபத்தை ஏற்றி வைத்தால் அது கொஞ்சம் அமுங்குகிறது, அதனால்தான் பெஞ்சை விட மனம் வரவில்லை.

அவன் அறைக்குத் தனியாகப் போங்கள். மன்னிப்புக் கேளுங்கள். ‘கேப்டன்தான் சொன்னார்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவன் கதவைச் சாத்தினால் மறுநாளும் போகலாம். அடுத்த டிரீட்டில் ‘எனக்கு வேண்டாம்’ என்பதை முதல் ஆளாக, சத்தமாகச் சொல்லுங்கள். கிண்டல் வரும். அந்த அறையில் இன்னும் இரண்டு பேராவது அதற்காகக் காத்திருப்பார்கள் என்பது என் ஊகம். நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் 14416-ஐக் கூப்பிடுங்கள், அரசின் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை.

இன்னொன்று. கேப்டன் பெயரை நான்கு இடத்தில் எழுதியிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். பையன் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.